பாடபேதமும் பழைய பாகமும்

கோடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பக்கவாட்டில், தகரக் கூரையின் கீழ் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. எங்கள் தந்தையார் 1970-இல் வாங்கிய நான்கு கதவு வண்டி. அவர் மறைந்த பின் அதை மீண்டும் ஓடவைப்பது என்று சகோதரர்கள் இருவரும் முடிவு செய்தோம். அன்று முதல் நாங்கள் கற்றது இயந்திரவியலைவிடப் பதிப்பியலையே என்றால் நண்பர்கள் சிரிக்கக்கூடும். தமிழாசிரியர் கையில் ஸ்பேனர் கிடைத்தால் இப்படித்தான் ஆகும்.

ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ப் என்ற பெயரோடு வெளிவந்தது. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் அதை இங்கே தயாரித்தது. தனி சேஸிஸின் மேல் உடற்பகுதிகளைத் துண்டு துண்டாகப் போல்ட்டு போட்டு முடுக்கிய வண்டி அது. பிரிப்பதும் பூட்டுவதும் எளிது. ஆகவே ஒரு வண்டியின் உறுப்பு இன்னொரு வண்டிக்குப் போவதும் எளிது. ஹெரால்டு பாகங்களுக்கென்றே இங்கிலாந்தில் இன்றும் வணிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே விற்றவை இரண்டு கதவு வண்டிகள். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது. துருவேறிப்போன எங்கள் பின்கதவுக்கு மாற்று, எங்காவது இருக்குமானால், இங்கேதான் இருக்கவேண்டும். நிறுவனமோ 1980-களின் இறுதியிலேயே கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

புதிய பாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, உடைத்த வண்டியின் பாகத்துக்குப் புதுப்பேட்டை என்பது சென்னைவாசிகளுக்கு மனப்பாடம். புதுப்பேட்டை என்றதும் திருட்டு வண்டியை நினைத்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. எங்களை ஏமாற்றியவர் அங்கே இருப்பவர் அல்லர். கண்ணாடிக் கதவு போட்ட கடையில், பழைய கார்களுக்கென்றே பாகம் விற்பவர். பெயர் வேண்டாம்.

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்குவதில் ட்ரன்னியன் என்ற சிறு உலோகத் துண்டுக்குப் பெரும் பங்குண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் செங்குத்துத் தண்டின் மரை அதற்குள் திரும்புகிறது. அதற்குக் கிரீஸ் போதாது, கெட்டியான எண்ணெய் விடவேண்டும். வறண்டு துருவேறினால் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ‘பெட்டி பிரிக்காத கம்பெனி சரக்கு’ என்று அக்கடைக்காரர் விற்றதை நம்பிப் பூட்டினோம். அண்மையில் எங்கோ வார்த்தெடுத்த போலி அது, மரை தளர்ந்திருந்தது. ஆற்காடு சாலையில் ஒரு காலைப்பொழுதில் சக்கரம் மடங்கியது. வேகம் குறைவு, பிழைத்தோம். பின்னிருக்கையில் அம்மா இருந்தார்.

கதவு புதுப்பேட்டையில் கிடைத்தது. காலையில் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வியாபாரம் பேசும் முதியவர் அவர். கதவை எடுத்துச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு காந்தத்தையும் நீட்டினார். “வச்சுப் பாருங்க சார். கீழ ஒரு சாண் ஒட்டாது, பட்டி பூசியிருக்கு. நான் பூசல, வரும்போதே அப்படித்தான். மதுரைப் பக்கம் உடைச்ச வண்டி, ஆர்.சி. ரத்தான நகல் இருக்கு, கொண்டு போங்க.” நாங்கள் கேட்பதற்கு முன்பே விலையையும் குறைத்துக்கொண்டார்.

அந்த நிமிடத்தில் எங்களுக்கு உ.வே.சாமிநாதையர்தான் நினைவுக்கு வந்தார். 1894-இல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் இல்லை. அந்த எண்கள் இன்றும் வெற்றிடங்களாகவே உள்ளன. இரண்டு பாடல்களை இட்டுக்கட்டி நிரப்ப அவருக்குப் புலமை இல்லாமலா போயிற்று? கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று விடுவதும், வேறு ஏட்டில் கண்டதைப் பாடபேதம் என்று குறிப்பதுமே பதிப்பு நேர்மை. பல ஏடுகளிலிருந்து ஒரு நூல் உருவாவது குற்றமன்று. எதை எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறைப்பதே குற்றம். காருக்கும் இதுவே விதி என்பது நம் துணிபு.

சட்டம் இவ்விடத்தில் சற்றே தடுமாறுகிறது. 2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டியைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய். வண்டி மூல வடிவில் இருக்கவேண்டும். சேஸிஸ், உடல், இயந்திரம் ஆகியவற்றில் கணிசமான மாற்றம் கூடாது. நோக்கம் நல்லதே. ஆனால் கிடைத்ததைப் பூட்டி அரை நூற்றாண்டு ஓட்டிய நாட்டில், மாறியதா என்று மட்டும் கேட்டால், மாறவில்லை என்ற பதிலே கிடைக்கும். எங்கிருந்து வந்தது என்றும் கேட்கவேண்டும். விற்பவர் ரசீதில் எந்த வண்டி, எந்த ஆண்டு, எந்த சேஸிஸ் எண் என்று எழுதித்தரட்டும். போலி வார்ப்பை விற்பவர் போலி என்றே எழுதி விற்கட்டும். வாங்குபவரும் ஒரு நோட்டில் பதிந்துவைக்கட்டும்.

கோடம்பாக்கத்துக்காரர்களாகிய நமக்கு இது புரியாததன்று. படப்பிடிப்புக்குப் போகும் பழைய வண்டிக்குக் கேமரா பார்க்கும் பக்கம் சரியாக இருந்தால் போதும். தெருவில் அது போதாது. அங்கே உயிர்கள் ஏறியிருக்கின்றன.

வாங்கிவந்த கதவின் பட்டியைச் சுரண்டித் தகடு வைத்து ஒட்டினோம். வெளிப்புறத்துக்கு எங்கள் வண்டியின் வெண்மையைப் பூசினோம். உட்புறத்தில் மதுரை வண்டியின் பச்சையை அழிக்காமல் விட்டிருக்கிறோம். கதவைத் திறப்பவர்கள் எல்லோரும் அதைப் பற்றிக் கேட்கிறார்கள், நாங்களும் சொல்கிறோம்.