கொச்சை அல்ல, குறிதான் பிரச்சினை

எங்கள் மாலை நேரப் பாட மையத்துக்கு ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நான்கு நாட்களாக வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டோம். கூடப் படிக்கும் பையன், "கரண்ட் போனா உன்னத் தேட டார்ச் அடிக்கணும்" என்றிருக்கிறான். மற்ற பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அவனைக் கூப்பிட்டுக் கேட்டால், "டிவில சொன்னாங்கக்கா, ஜட்ஜெல்லாம் சிரிச்சாங்களே" என்கிறான். அவனும் அதே தெரு, அதே நிறம்.

தொலைக்காட்சி நகைச்சுவை தரம் கெட்டுவிட்டது, குடும்பத்தோடு பார்க்க முடியவில்லை என்ற புலம்பலை நிறையக் கேட்டுவிட்டோம். அந்தக் காலத்துத் தூர்தர்ஷன் நாடகம் போல வருமா என்று அது முடியும். அந்த நாடகங்கள் பலவும் நடுத்தர வர்க்க வீட்டுக் கூடத்தைத் தாண்டியதில்லை. நம் ஆட்கள் வந்தால் வேலைக்காரியாக வந்தார்கள், ரிக்‌ஷா ஓட்டினார்கள். அவர்கள் பேசிய சென்னைத் தமிழே அங்கே ஜோக். அந்தப் பொற்காலத்துக்காக நாம் ஏன் ஏங்க வேண்டும்?

கொச்சைப் பேச்சு நமக்குப் புதிதும் இல்லை. தெருக்கூத்தில் கட்டியக்காரன் பேசாத கொச்சையா? ராஜா வேஷம் கட்டியவரை முகத்துக்கு நேரே நையாண்டி செய்வான். பெண்கள், குழந்தைகள் எல்லோரும் விடிய விடிய உட்கார்ந்து சிரிப்பார்கள். சேரி மொழி என்றாலே 'கொச்சை' என்று முத்திரை குத்தியவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரியும். கட்டியக்காரனின் கேலி மேலே இருப்பவனை நோக்கிப் போனது. அதுதான் வித்தியாசம்.

தனியார் சேனல்களிலும் அது இல்லாமல் இல்லை. விஜய் டிவியின் 'லொள்ளு சபா' பெரிய நட்சத்திரங்களின் படங்களையே எடுத்துக் கலாய்த்தது. 'கலக்கப்போவது யாரு' சினிமாப் பின்னணி இல்லாத இளைஞர்களுக்கு மேடை கொடுத்தது. சிவகார்த்திகேயன் அங்கிருந்து வந்தவர்தான். இன்று பல மேடைகளில் கேலிக்குக் கிடைப்பது கறுத்த பெண், பருத்த உடம்பு, திக்குவாய், புடவை கட்டிய ஆண். எழுத்துக்கு உழைக்க வேண்டாம், ஆளை நிறுத்தினால் போதும். கேலிக்கு ஆளாகிறவரும் சேர்ந்து சிரித்தாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த வாரம் வாய்ப்பு போய்விடும் என்ற பயம் இருக்குமல்லவா? பண்ணையார் வீட்டுத் திண்ணையில் நம் தாத்தாக்கள் சிரித்த சிரிப்பு அது.

சட்டம் ஒன்றும் பேசாமல் இல்லை. 'சண்டாளர்' என்பது தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர். படத்திலும் பாட்டிலும் அது எத்தனை ஆண்டுகளாக வசையாக ஓடியது! அந்தப் பெயரை வசையாகவோ நகைச்சுவையாகவோ பயன்படுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் எச்சரித்தது 2024 ஜூலையில்தான். அதே மாதம் உச்ச நீதிமன்றமும், மாற்றுத்திறனாளிகளைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, அவர்களைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொன்னது. நிறத்துக்கு அப்படி யாரும் கோடு கிழிக்கவில்லை. ஆனால் கறுப்பைக் கேலி செய்யும்போது எந்தத் தெருவைச் சொல்கிறார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் புரிகிறது. சாதிப் பெயரைச் சொல்லாமலே வேலை முடிந்துவிடுகிறது.

தடை கேட்பதில் எங்களுக்கு ஆர்வமில்லை. தணிக்கைக் கத்தரி முதலில் நம் பறைப்பாட்டைத்தான் வெட்டும். புகார் எழுதுவோம், கூடவே மையத்தில் நாடகமும் போடப் போகிறோம். ரேஷன் கடையில் எடை குறைப்பவரைப் பற்றியது. வசனம் எழுதுவது அந்தப் பையன். சிறுமியைக் கடைக்காரர் வேஷத்துக்குக் கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.