போர் முடிந்தும் முடியாத நெருக்கடிநிலை

அந்நியப் படையெடுப்பு நெருங்குகையில் கட்சி வேறுபாடுகளைக் களைந்து ஒன்றுபடுமாறு ஆட்சியாளர் விடுக்கும் அழைப்பு, குடிமக்களின் ஒத்துழைப்பை நாடுகிறதா அல்லது வாய்மூடலை நாடுகிறதா என்பதற்கு 1962ஆம் ஆண்டின் இந்திய அனுபவம் இரு விடைகளையும் தருகிறது.

அவ்வாண்டு அக்டோபர் 20 அன்று லடாக்கிலும், இன்று அருணாசலப் பிரதேசம் எனப்படும் வடகிழக்கு எல்லைப்புறப் பகுதியிலும் சீனப் படைகள் தாக்கின. ஆறாம் நாளே, அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் அளிக்கும் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. எனினும், இளம் உறுப்பினராயிருந்த வாஜ்பாயி உள்ளிட்டோர் வலியுறுத்தியதை ஏற்றுப் பிரதமர் நேரு நவம்பர் 8 அன்றே நாடாளுமன்றத்தைக் கூட்டினார் என்பதும், களத்தில் துப்பாக்கிகள் ஓயாதபோதே படைகளின் ஆயத்தக் குறைவு அவையில் வெளிப்படையாக விமர்சிக்கப்பட்டது என்பதும், ஆளுங்கட்சியினரே கொடுத்த நெருக்குதலால் பாதுகாப்பு அமைச்சராயிருந்த கிருஷ்ண மேனன் அமைச்சரவையிலிருந்து விலக நேர்ந்தது என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. அக்கேள்விகளால் நாட்டின் உறுதி குலையவில்லை. தேசியப் பாதுகாப்பு நிதிக்கு மக்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்ததும் அதே வாரங்களில்தான்.

மறுபுறம், திராவிட நாடு கோரிவந்த திமுக அக்கோரிக்கையை ஒதுக்கிவைத்து நடுவணரசுக்குத் துணைநின்ற பின்னரும், பிரிவினைப் பேச்சைத் தடைசெய்ய வழிவகுத்த 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1963இல் நிறைவேறியது. அத்திருத்தத்துக்கான யோசனை போருக்கு முன்பே எழுந்தது உண்மையே. ஆயினும் தாமாக முன்வந்து நின்றவர்களிடம் சட்டத்தால் உறுதிமொழி கேட்பது நம்பிக்கையின் அடையாளம் ஆகாது. சீனத்தின் ஆக்கிரமிப்பைக் கண்டித்துக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் குழு தீர்மானம் இயற்றிய சில வாரங்களுக்குள்ளேயே அக்கட்சியினர் பலர் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டனர். அவர்களுக்காகப் பேசக் கட்சியாவது இருந்தது. அசாமிலும் வடவங்கத்திலும் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினருக்கு அதுவும் இல்லாததால், குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டபோது, ஒன்றுபட்டு நின்ற நாட்டில் அவர்களுக்காக எழுந்த குரல் மிகச் சொற்பமே.

நவம்பர் 21 அன்று சீனம் தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. நெருக்கடிநிலையோ 1968 ஜனவரி வரை நீடித்தது. தோல்வியின் காரணங்களை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றளவும் வெளியிடவில்லை.