சட்டம் கதவைத் திறந்தது. சுத்தம்தான் பீரைக் காப்பாற்றும்!

அமெரிக்காவில் இன்று வீட்டு அடுப்பில் பீர் காய்ச்சினால் போலீசார் வர மாட்டார்கள். ஆனால், 1979க்கு முன்பு அது குற்றம்!

1920இல் அங்கே மதுவிலக்கு வந்தது. 1933இல் நீங்கியது. பிறகு வீட்டில் திராட்சை மது செய்ய அனுமதி கிடைத்தது. பீருக்குக் கிடைக்கவில்லை.

1978 அக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலன் பீர் காய்ச்சலாம். இருவரோ, அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். வரி இல்லை. ஆனால் விற்கக் கூடாது. ஒரு காலன் என்பது ஏறக்குறைய 3¾ லிட்டர்.

மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும் அல்லவா? அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் சம்மதித்தன.

தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, அனுமதியின்றி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். எனவே, இங்கே படிப்பதோடு சரி!

குடி பெருகாதா?

வீட்டிலேயே காய்ச்ச விட்டால் குடி பெருகாதா என்று சிலர் கேட்பார்கள். குடிக்கத் தவிப்பவன் ஒரு மாதம் காத்திருப்பானா? கடைக்குத்தான் ஓடுவான். அளவு வைத்து, விற்பனையைத் தடுத்து, அனுமதி தந்தது நியாயமே.

ஆனால் சட்டம் அனுமதித்தால் மட்டும் பீர் வந்துவிடாது. சுத்தமும் பொறுமையும் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் இதை மறந்துவிட்டு, பளபளக்கும் பாத்திரங்களுக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள்!

வேலை என்ன?

பீருக்கு வேண்டியவை நான்கு: தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, ஈஸ்ட். புதியவர்கள் பார்லிக்குப் பதில், அதிலிருந்து எடுத்த பாகைக் கடையில் வாங்குவார்கள்.

பாகைத் தண்ணீரில் கரைத்து, ஹாப்ஸ் பூவைப் போட்டு, ஒரு மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். பூ கசப்பைத் தரும். சாற்றைச் சீக்கிரம் ஆற வைத்து, சுமார் 20 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஈஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று, சாராயச் சத்தையும் வாயுவையும் உண்டாக்கும். இதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

எமன் எங்கே?

கொதிக்கும் வரை பயமில்லை. ஆறிய பிறகுதான் ஆபத்து! இனிப்புச் சாறு எல்லாக் கிருமிக்கும் விருந்து. பீர் கெடுவதற்குக் கிருமிகளே காரணம் என்பதை பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1876இல் தம் நூலில் விளக்கினார்.

கரண்டி, குழாய், மூடி, புட்டி ஆகிய எல்லாவற்றையும் முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு கிருமிநாசினியில் நனைக்க வேண்டும். கழுவினால் மட்டும் போதாது.

அடுத்த எமன் அவசரம். நுரை அடங்கியதும் சிலர் புட்டியில் அடைத்துவிடுகிறார்கள். சாற்றில் சர்க்கரை மிச்சம் இருந்தால், ஈஸ்ட் புட்டிக்குள்ளும் வேலை செய்யும். வாயு சேரும். புட்டி வெடிக்கும்! கண்ணாடிச் சில்லு கண்ணைக் கெடுத்துவிடும்.

இதைத் தடுக்க ஒரு சின்னக் கருவி போதும். அதுதான் ஹைட்ரோமீட்டர். பாலைச் சோதிக்கும் லாக்டோமீட்டர் போன்றது. இரண்டு மூன்று நாள் ஒரே அளவைக் காட்டினால், ஈஸ்ட் வேலையை முடித்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அதன் பிறகே, அளந்த சர்க்கரை சிறிது சேர்த்து, கனமான புட்டிகளில் அடைக்க வேண்டும். இன்னும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

முதல் செலவு

ஆகவே, முதலில் வாங்க வேண்டியது பெரிய அண்டா அல்ல. ஒரு தூரிகை, கிருமிநாசினி, வெப்பமானி, ஹைட்ரோமீட்டர். இவை போதும். முதல் தடவை ஒரு காலன் மட்டும் காய்ச்சட்டும். கெட்டால் நஷ்டம் சிறிது, பாடமோ பெரிது!

அனுமதியைச் சர்க்கார் கொடுக்கலாம். சுத்தத்தையும் பொறுமையையும் யார் கொடுப்பது? அவை காய்ச்சுகிறவர் கையில்தான் இருக்கின்றன.