எத்தனை நிறுத்தம், எத்தனை நிமிடம்?

தைப்பிங்கிலிருந்து என் தங்கை மகள் அழைத்தாள். "மாமா, துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்துவிட்டது. கூட வேலைக்குச் சேரும் தோழியும் நானும் சேர்ந்து வீடு எடுக்கப் போகிறோம். கலகலப்பான இடமாகப் பாருங்கள்."

அவள் மனத்தில் இருந்தது பிரிக்பீல்ட்ஸ். தோசைக் கடை, பூக்கடை, நம் பேச்சு எல்லாம் அங்கே உண்டு. வாடகையைக் கேட்டதும் அந்தப் பேச்சு அடங்கியது. "செராசுக்கு வந்து பார்" என்றேன்.

செராஸ் ஒரே இடமல்ல. ஒரு பகுதி கூட்டரசுப் பிரதேசத்தில் இருக்கிறது. மறு பகுதி சிலாங்கூரின் உலு லங்காட் மாவட்டத்தில். விளம்பரத்தில் 'செராஸ்' என்று போட்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால் பதினோராங் கட்டையில் நிற்போம். அதனால் முதல் கேள்வி எந்தத் தாமான், எந்த எம்ஆர்டி நிலையம் என்பதுதான்.

2017 ஜூலை 17-இல் காஜாங் வரை எம்ஆர்டி ஓடத் தொடங்கிய பிறகு, இங்கே தூரத்தை மைலில் யாரும் அளப்பதில்லை, நிறுத்தத்தில்தான் கணக்கு. தாமான் மீடாவில் ஏறினால் துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச் நான்காவது நிறுத்தம். தாமான் கன்னாட்டிலிருந்து ஆறாவது. 50 வெள்ளிக்கு மை50 பயண அட்டை எடுத்தால் 30 நாள் ரயிலிலும் ரேபிட் பஸ்ஸிலும் போய் வரலாம்.

ஆனால் நிலையத்திலிருந்து வீட்டு வாசல் வரை உள்ள நடையை விளம்பரம் சொல்லாது. 'நிலையத்துக்கு அருகில்' என்பார்கள். நடுவில் நெடுஞ்சாலை ஓடும். இரவு ஒன்பது மணிக்கு அந்த வழியை நடந்து பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. விளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா என்று கால்தான் சொல்லும்.

பிள்ளைகள் வந்தது ஒரு புதன்கிழமை. தாமான் கன்னாட் இரவுச் சந்தைக்கு அழைத்துப் போனேன். இரண்டு கிலோமீட்டர் நீளும் சந்தை. "இங்கேயே எடுத்துவிடலாம் மாமா!" என்றார்கள். "வியாழக்கிழமையும் வந்து பாருங்கள், வாரத்தில் மற்ற ஆறு நாளும் நீங்கள் வாழப்போகும் தெரு அதுதான்" என்றேன். மறுநாள் வந்தவர்கள், தாமான் மீடா பக்கமும் பார்ப்போம் என்றார்கள்.

அப்புறம்தான் உண்மையான தேடல் தொடங்கியது. போன் செய்தால் முதல் கேள்வி, "இந்தியரா?" பதில் சொன்னதும், "வீடு போய்விட்டது." மூன்று பேர் அப்படிச் சொன்னார்கள். பிள்ளை முகம் வாடிப்போனது. வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டாக இருக்கிறது. அது வரும்வரை இந்தக் கேள்வியைத் தடுக்க ஆளில்லை.

நான்காவதாக ஒரு சீன மூதாட்டி. நேரில் வரச் சொன்னார். "சமைப்பீர்களா?" என்று மலாயில் கேட்டார். மழுப்பிவிடலாமா என்று நான் யோசிப்பதற்குள், "சமைப்போம் ஆன்ட்டி, கறியும் வைப்போம்" என்றாள் பிள்ளை. அவர் சிரித்தார். "ஜன்னலைத் திறந்து வையுங்கள். வாடகை ஐந்தாம் தேதிக்குள் வர வேண்டும்."

கையில் காசு இருக்கிறதா என்பது அடுத்த பாடம். வழக்கமாக இரண்டு மாத வைப்புத்தொகை, தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என மூன்றரை மாதப் பணம் கேட்பார்கள். வாடகை 1,200 வெள்ளி என்றால் சாவி கைக்கு வருமுன் 4,200 வெள்ளி. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டிவிட்டோம். அது இல்லாத தாளை வழக்கென்று வந்தால் நீதிமன்றம் ஏற்காது. குடிபுகும் முன் சுவர், குழாய், குளியலறை எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்தோம். நாளை வைப்புத்தொகையைத் திரும்பக் கேட்கும்போது அந்தப் படம்தான் பேசும்.

இப்போது புதன்கிழமை தோறும் பிள்ளைகள் இரண்டு நிறுத்தம் ரயிலேறிச் சந்தைக்குப் போய் வருகிறார்கள். ஆன்ட்டிக்கும் ஏதாவது வாங்கி வருவார்களாம்.

ஒன்று மட்டும் மனத்தில் நிற்கிறது. நம்மிலும் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். போன் வந்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன?