தொப்பி வந்தது, நிலம் வரவில்லை

ஜெய்சங்கரின் பெயரைக் கேட்டதும் முகஞ்சுழிப்பது விமர்சகர் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. 1965 இல் ‘இரவும் பகலும்’ மூலம் அறிமுகமாகி, ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) ஆகியவற்றால் துப்பறிவாளராகப் புகழ்பெற்றவர் அவர். ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972), ‘எங்க பாட்டன் சொத்து’ (1975) ஆகிய படங்களில் குதிரையேறித் துப்பாக்கி ஏந்தினார். ‘அமெரிக்க நகல்’ என்ற ஒற்றைச் சொல்லால் இவையனைத்தும் ஒதுக்கப்படுகின்றன.

நகல் என்பது குற்றமாயின் உலக சினிமாவில் நிரபராதிகள் எத்தனை பேர்? அமெரிக்கரான ஜோன் போர்டிடம் பாடம் கற்றவர் ஜப்பானியரான குரோசாவா. குரோசாவாவின் ‘யோஜிம்போ’வை (1961) எடுத்தாண்டே இத்தாலியரான செர்ஜியோ லியோனி 1964 இல் தமது முதல் ‘கௌபாய்’ படத்தை ஆக்கினார். அதனை எவரும் இழிவென்று கூறுவதில்லை. சேலத்திலும் சென்னையிலும் செய்தால் மட்டும் இழிவாகிவிடுமோ?

குறை வேறிடத்தில் உள்ளது. அமெரிக்கப் படங்களின் அடிநாதம் நிலம். ‘ஷேன்’ (1953) படத்தில் குடியேறிய சிறு விவசாயிகளை மந்தை முதலாளி விரட்ட முனைகிறான். துப்பாக்கி பேசுவது அதன் பொருட்டே. நிலம் யாருக்கு என்ற இவ்வினாவைத் தமிழ்க் ‘கௌபாய்’ படங்கள் பெரிதும் கைவிட்டன. தொப்பியும் குதிரையும் பழியுணர்ச்சியுமே கடல் கடந்து வந்து சேர்ந்தன.

இவ்விழப்பின் ஆழத்தைப் பதுளையிலிருந்து நோக்க வேண்டும். பசறையிலும் அப்புத்தளையிலும் காடழித்துத் தேயிலை நட்டோரின் சந்ததியினருக்கு 1948 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையை மறுத்தது. 1964 ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. ஆட்கள் பங்கிடப்பட்டனர், நிலம் பங்கிடப்படவில்லை. இத்தகைய மக்களுக்கு ‘ஷேன்’ படத்து விவசாயி அந்நியனல்லன், உறவினன்.

1975 ஆம் ஆண்டைப் பாருங்கள். கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அப்போதும் லயன் அறை அதில் வாழ்ந்தவனுக்கு உரித்தாகவில்லை. தமிழகத் திரையில் ‘எங்க பாட்டன் சொத்து’ ஓடியது. தோட்டத்துப் பாட்டன் விட்டுச்சென்ற சொத்து எது என்று கேட்க அப்படத்திற்கு ஆளில்லை. (தலைப்பு மட்டும் தற்செயலாக மலையகத்தைப் பற்றியது!) அதே ஆண்டில் மலையகத் தொழிற்சங்கவாதி வீ. பி. கணேசன் ‘புதிய காற்று’ படத்தைத் தயாரித்து நடித்தார். குதிரை வீரனை இகழ்ந்த விமர்சகர்களோ இதனைப் பற்றி எழுதிய பக்கங்களும் சொற்பமே.

ஜெய்சங்கர் உழைப்புக்கு அஞ்சாத நடிகர். 2000 இல் மறையும்வரை நடித்தவர். 1980 இல் ‘முரட்டுக்காளை’யில் அவர் நிலவுடைமையாளராகத் தோன்றினார், வில்லனாக. நிலமும் அதன் அதிகாரமும் அவருடைய பாத்திரத்திற்குள் வெளிப்படையாக நுழைய பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் நடிகரல்லர். கதை எழுதியோரும் பணம் போட்டோருமே. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்த பின்னரும், ஊவாவின் லயன் அறைகளுட் பெரும்பாலானவற்றிற்கு அங்கு வாழ்வோரிடம் உறுதிப்பத்திரம் இல்லை. அவர்களைப் பற்றிய படத்தை எடுப்பதற்குக் குதிரையும் தேவையில்லை, தொப்பியும் தேவையில்லை.