எச்சரிக்கையை மறைப்பது திருத்தமாகுமா?

"வேலை நடக்கிறதுதானே, பிறகென்ன?" கணினித் திரையில் எச்சரிக்கை தோன்றும்போது நம்மில் பலர் சொல்லும் வார்த்தை இது. லினக்ஸ் பயன்படுத்தும் மாணவியர் இதனை நன்கறிவர்.

உபுண்டு போன்ற லினக்ஸ் முறைமைகளில் மென்பொருட்கள் களஞ்சியங்களிலிருந்து வருகின்றன. எந்தக் களஞ்சியங்களை நம்பலாம் என்ற பட்டியல் நமது கணினியிலேயே உண்டு. 'சுடோ ஏபிடி அப்டேட்' என்று கட்டளையிட்டதும் கணினி அப்பட்டியலை வாசித்து, ஒவ்வொரு களஞ்சியத்தின் டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்க்கிறது. பிழை நேர்ந்தால் வேலை தடைப்படும். எச்சரிக்கை வந்தால் தடைப்படாது. நமது அலட்சியம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சில எச்சரிக்கைகள் எளியவை. ஒரே களஞ்சியம் இரண்டு கோப்புகளில் எழுதப்பட்டிருந்தால், அது பல தடவை குறிப்பிடப்பட்டுள்ளது என்று கணினி கூறும். கோப்பின் பெயரையும் வரியின் இலக்கத்தையும் அதுவே காட்டும். மேலதிக வரியின் முன்னால் ஹாஷ் குறியொன்றை இட்டால் போதும்.

மற்றொன்று சற்று ஆழமானது. 2022 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 22.04இல், களஞ்சியத்தின் திறப்பு பழைய பொதுத் திறப்புக்கொத்தில் இருக்கிறது என்ற எச்சரிக்கையைப் பலர் கண்டனர். இதனை வங்கியோடு ஒப்பிடலாம். ஒவ்வொரு கணக்குக்கும் உரியவரின் மாதிரிக் கையொப்பத்தை வங்கி தனித்தனியே வைத்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே கோவையில் இட்டு, அதிலுள்ள எவரது கையொப்பமும் எந்தக் கணக்குக்கும் செல்லும் என்றால் என்னவாகும்? பழைய பொதுக்கொத்தின் குறை அதுவே. என்றோ ஒரு சிறு மென்பொருளுக்காகச் சேர்த்த திறப்பு, ஏனைய களஞ்சியங்களுக்கும் சாட்சி சொல்லும் தகுதியைப் பெற்றுவிடுகிறது.

இதற்குக் குறுக்குவழியொன்று உண்டு. பழைய கொத்தை அப்படியே அருகிலுள்ள மற்றொரு கோப்புறைக்குப் பிரதி செய்தால் எச்சரிக்கை மறைந்துவிடும். ஆனால், அந்தக் கோப்புறையிலுள்ள திறப்புகளும் எல்லாக் களஞ்சியங்களுக்கும் செல்லுபடியாகும். வாய் அடைக்கப்பட்டதே தவிர, குறை தீரவில்லை. ஒவ்வொரு திறப்பையும் 'கீரிங்ஸ்' கோப்புறையில் தனிக் கோப்பாக வைத்து, உரிய களஞ்சியத்தின் வரியில் 'சைன்ட்-பை' என்று அதன் இடத்தைக் குறிப்பிட்டு, பழைய கொத்திலிருந்து அதனை நீக்குவதே முறையான திருத்தம். இதற்குச் சில நிமிடங்களே தேவை.

ஒரு ஹதீஸை ஏற்குமுன் அதன் அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொருவராக ஆராய்ந்த அறிஞர்களின் வழிவந்தவர்கள் நாம். "யார் சொன்னது? அவர் நம்பத்தக்கவரா?" என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. அதே கேள்வியைத்தான் கணினியும் கேட்கிறது. எங்கோ கண்ட கட்டளையை விளங்காமலே 'சுடோ'வுடன் ஒட்டும்போது, முன்பின் அறியாத ஒருவருக்கு முழுக் கணினியையும் ஒப்படைக்கிறோம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகள் கணினியின் முன் தயங்கி நிற்கும்போது, "நானா வரட்டும்", "கடைக்குக் கொடுப்போம்" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். "அதில் என்ன எழுதியிருக்கிறது? வாசித்துச் சொல்லு மகள்" என்று கேளுங்கள். அந்த ஆங்கில வரியை அகராதியின் துணையோடு ஒரு முறை வாசித்து விளங்கியவள், அடுத்த முறை எவரையும் எதிர்பார்க்கமாட்டாள்.