டிஸ்சார்ஜ் சம்மரியில் வந்த புரியாத பாஷை

1. ஸ்ரீரங்கத்தில் என் கிளினிக்குக்கு ஒரு பாட்டியை அவங்க மகள் கூட்டிட்டு வந்தாங்க. கையில் திருச்சியில் ஒரு மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி. "டாக்டர், இது என்ன பாஷைன்னே தெரியலை"ன்னு நீட்டினாங்க. கொஞ்சம் நீளமான பதிவுதான். ஆனா நாலு கம்ப்யூட்டர் வச்சிருக்கிற எந்த ஆபீஸுக்கும் இது பொருந்தும்.

2. பாட்டிக்கு முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் எழுதியிருந்தாங்க. வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை. தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் சரியும், உயிரே போகலாம். "வாரம் ஒரு முறை மட்டும்" என்று தமிழில் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ ஒரு வரி. மகள் சந்தேகப்பட்டு கேட்டதால் தப்பித்தோம்.

3. அங்கே எனக்குத் தெரிந்த டாக்டரிடம் சொல்லிட்டு நேரில் போனேன். யாரும் அலட்சியமா இல்லை. டைப் பண்ற பொண்ணு சொன்னது: "பத்து நாளா வேர்டு திறந்தாலே சர்வர்ல ஏதோ ஃபைல் இல்லைன்னு கேக்குது சார். கேன்சல் கொடுத்தா மறுபடி வருது. அதான் பில்லிங் சிஸ்டத்துல பிரிண்ட் எடுத்தேன்." அந்த பில்லிங் சிஸ்டத்தில் தமிழ் ஃபான்ட் இல்லை. கதை அவ்வளவுதான்.

4. இப்போ நோய்க்கூறு. பழைய ஆஃபீஸ் 2010 போன்றவற்றை நிறைய இடங்களில் சிடி போட்டு ஏற்றவில்லை. சர்வரில் ஒரு ஃபோல்டரில் மொத்தத்தையும் வைத்து, நெட்வொர்க் வழியாக எல்லா சிஸ்டத்துக்கும் ஏற்றினார்கள். எந்த வசதி வேணும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே முடிவு பண்ணி ஒரு கஸ்டமைசேஷன் ஃபைல் தயார் செய்து, அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் 'அப்டேட்ஸ்' ஃபோல்டரில் போட்டுவிடலாம். செட்டப் ஓடும்போது தானே எடுத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான்.

5. அதில் ஒரு தேர்வு உண்டு: "முதல் தடவை பயன்படுத்தும்போது ஏற்று". அன்றைக்கு டிஸ்க்கில் இடம் மிச்சம். ஆனால் சில வருஷம் கழித்து யாராவது அந்த வசதியைத் தொட்டால், ஆஃபீஸ் தன் மூல ஃபைல்களைத் தேடும். முதலில் அதே கம்ப்யூட்டரில் மறைவாக இருக்கும் எம்எஸ்ஓ கேஷ் ஃபோல்டரில். அங்கே இல்லாவிட்டால் பழைய சர்வர் முகவரியில்.

6. அந்த மருத்துவமனையில் இரண்டுமே இல்லை. இடம் அடைக்குதுன்னு யாரோ கேஷ் ஃபோல்டரை அழிச்சிருக்காங்க. சர்வரை மாற்றும்போது பெயரும் மாறியிருக்கு. வேர்டு பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டே நிக்குது. கேன்சல் அழுத்துவது காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் பாராசிட்டமால் மட்டும் கொடுக்கிற மாதிரி. அடுத்த வேளை மறுபடி ஏறும்.

7. நாங்க வார்டில் கேட்கிற கேள்விகளே இங்கேயும் போதும். ஒரு சிஸ்டத்தில் மட்டுமா, எல்லாத்திலுமா? ஒன்றில் மட்டும் என்றால் அந்த மெஷினைப் பாருங்க. எல்லாத்திலும் என்றால் சர்வரைப் பாருங்க. அதே சிஸ்டத்தில் வேறு ஆள் லாகின் பண்ணினால் வருதா? வரலைன்னா கோளாறு அந்த ஆளின் செட்டிங்கில். எப்போதிலிருந்து? அதற்கு முன்னாடி என்ன மாற்றினீங்க? "ஒண்ணுமே மாத்தலை சார்"னு சொன்னா நம்பாதீங்க. சர்க்கரை நோயாளி "ஸ்வீட்டே தொடலை"ன்னு சொல்ற மாதிரி.

8. எர்ரர் செய்தியை முழுசா, எண்ணோடு, போட்டோ எடுங்க. "ஏதோ வந்துச்சு"ன்னு போனில் சொன்னால் யாராலும் வைத்தியம் பார்க்க முடியாது. டெம்ப் ஃபோல்டரில் செட்டப் எழுதின லாக் ஃபைல் இருக்கும். அது லேப் ரிப்போர்ட். பிறகு அந்த சிஸ்டத்திலிருந்தே சர்வர் ஃபோல்டர் திறக்குதான்னு பாருங்க.

9. திறக்காவிட்டால் இன்னொரு காரணமும் உண்டு. பழைய சர்வர்கள் எஸ்எம்பி 1 என்ற பழைய முறையில் பேசும். 2017 மே மாதம் வானாக்ரை தாக்கியபோது உள்ளே புகுந்த வழி அதுதான். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் சுமார் 19,000 அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தானதாகத் தணிக்கை அறிக்கை மதிப்பிட்டது. அதே வருஷக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அந்த முறையைத் தானாகப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். புது மெஷின் பழைய சர்வரைப் பார்க்க மறுத்தால், எஸ்எம்பி 1-ஐத் திரும்ப ஆன் பண்ணாதீங்க. ஃபைல்களை வேறு சர்வருக்கு மாற்றுங்க.

10. வைத்தியம்: அதே பதிப்பின் மூல ஃபோல்டரை அணுகக்கூடிய இடத்தில் வைத்து, கேட்கும்போது அந்த இடத்தைக் காட்டுங்க. உடனே செட்டப்பில் போய் எல்லா வசதியையும் "கம்ப்யூட்டரிலிருந்தே இயங்கட்டும்" என்று மாற்றுங்க. 32 பிட், 64 பிட் ஆஃபீஸைக் கலக்காதீங்க. அழித்து மறுபடி போடுவதாக இருந்தால் டெம்ப்ளேட்களை முதலில் காப்பி எடுங்க. அந்த டிஸ்சார்ஜ் படிவமே ஒரு டெம்ப்ளேட்தான்.

11. ஆனால் வேர்டு சரியானாலும் பாட்டியின் சீட்டு சரியாகாது. அது ஃபான்ட் நோய். பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. ஃபான்ட் இல்லாத மெஷினில் உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். யூனிகோடில் அடித்தால் இந்தப் பிரச்சினை இல்லை. தமிழக அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது.

12. "எங்க ஆபரேட்டருக்குப் பழைய டைப்ரைட்டர் கீபோர்டுதான் பழக்கம்"னு சொல்வாங்க. என்எச்எம் ரைட்டர் போட்டால் அதே விரல் பழக்கத்தில் யூனிகோடு வரும். கை மாறவே வேண்டாம்.

13. "டாக்டருக்கு எதுக்கு சார் இந்த வேலை?" கேட்பீங்க. மாத்திரை எழுதுவதோடு என் வேலை முடிவதில்லை. அது நோயாளிக்குப் புரிந்தால்தான் முடியும். நடுவில் இருக்கிற பிரிண்டரும் சிகிச்சையில் ஒரு பகுதி.

14. கம்ப்யூட்டர் தம்பியைத் திட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. முதலில் செட் பண்ணினவர் வேலை மாறிப் போயிட்டார். சர்வர் மாற்றினவர் வேறு ஆள். டிஸ்க் காலி பண்ணினவர் மூணாவது ஆள். மூணு பேரும் அவங்கவங்க வேலையைச் சரியாத்தான் செஞ்சாங்க. ஒருத்தரும் எதையும் எழுதி வைக்கலை. கேஸ் ஷீட் இல்லாமல் டியூட்டி மாறினால் வார்டில் என்ன ஆகும்?

15. நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். எந்தப் பதிப்பு, 32-ஆ 64-ஆ, மூல ஃபோல்டர் எங்கே, எதை மாற்றியிருக்கோம், என்ன ஃபான்ட், கடைசியா தொட்டது யார், எந்தத் தேதி. பிரிண்ட் எடுத்து சர்வர் ரூம் கதவில் ஒட்டுங்க. புது மென்பொருள் வாங்குவது அதற்கப்புறம். ஆஃபீஸ் 2010-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 அக்டோபரிலேயே நின்றுவிட்டது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் எழுதி வைக்காமல் மாற்றினால் அடுத்த சர்வர் மாறும்போது இதே கதைதான்.

16. பாட்டி நல்லா இருக்காங்க. மாத்திரை அட்டையில் நானே பேனாவால் "ஞாயிறு மட்டும்"னு எழுதிக் கொடுத்தேன். தமிழ்நாட்டில் 2026 வாக்கிலும் நம்பகமான ஃபான்ட் டாக்டரின் கையெழுத்துதான்னு ஆகிடக் கூடாது. அதுவும் டாக்டர் கையெழுத்து!